தப்பாகச் சொல்லும் பிள்ளைக்கு அந்த வகுப்பில் என்ன நடக்கிறது?

கேள்வி:

எங்கள் ஒரே மகளுக்கு ஐந்து வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தால் வகுப்பிலேயே சின்னவள் அவளாகத்தான் இருப்பாள். மூன்று தனியார் பள்ளிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். முதலாவது பெரிய பள்ளி. நீச்சல் குளம் இருக்கிறது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டேப்லெட் தருகிறார்கள், பன்னிரண்டாம் வகுப்பு வரை கவலையில்லை. ஆனால் வேனில் போக 50 நிமிடம், கட்டணம் எங்கள் வருமானத்தில் கால் பங்கு. என் கணவருக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இரண்டாவது பள்ளியின் பெயரிலேயே மாண்டிசோரி என்று இருக்கிறது. மூன்றாவது, நடந்து போகும் தூரத்தில் ஒரு பழைய கட்டடம், ஐந்தாம் வகுப்பு வரைதான். "பக்கத்திலேயே போடு, பிள்ளை அலைய வேண்டாம்" என்கிறார் மாமியார்.

பெரிய பள்ளியில் இன்டர்வியூவுக்குப் போனபோது மகள் தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் தயார் பண்ணிக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வாய் ஓயாதவள் அவள். ஒரு மாதமாகத் தினமும் ராத்திரி உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் பழக்குகிறேன். இப்போது நான் அறைக்குள் வந்தாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள். எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்:

பள்ளியைப் பற்றிப் பேசும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ராத்திரிப் பயிற்சியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். போர்வைக்குள் போகும் குழந்தை தன் பதிலைச் சொல்லிவிட்டாள்.

ஐந்து வயதுக் குழந்தை, முன்பின் பார்த்திராத இரண்டு பெரியவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து "உன் பேர் என்ன?" என்று கேட்கும்போது வாயை மூடிக்கொள்வதில் அதிசயம் ஒன்றுமில்லை. அவர்கள் கையில் இருக்கும் விண்ணப்பத்தில் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. தெரிந்துகொண்டே கேட்கிறார்கள் என்பது குழந்தைக்கும் புரியும். புதிய இடத்தில் புதிய முகங்களைக் கண்டால் சில குழந்தைகள் பின்வாங்கி நின்று நோட்டம் பார்ப்பார்கள். ஹார்வர்டில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் ஜெரோம் கேகன், நான்கு மாதச் சிசுக்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை புதியவற்றுக்குக் கடுமையாக எதிர்வினை காட்டுவதைக் கண்டார். அது பிறவிக் குணம். வளர்ப்பில் குறை இல்லை, அறிவிலும் குறை இல்லை. பள்ளியில் சேர்ந்து முதல் மாதம் கழிந்து, இன்னும் ஒரு மாதம் போன பிறகும் அங்கே யாரிடமும் வாயே திறக்கவில்லை என்றால் மட்டும் ஒரு குழந்தை உளவியலாளரிடம் காட்டுங்கள். வீட்டில் சரளமாகப் பேசிவிட்டு வெளியே மட்டும் பேசாமல் இருப்பதற்கென்று தனிக் காரணங்களும் சிகிச்சையும் உண்டு. இப்போதைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

"தயார் பண்ணிக் கூட்டிட்டு வாங்க" என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. தயார் செய்யத்தானே பள்ளிக்கூடம்?

நான் 24 வருடம் ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் நின்றவள். ஓய்வுக்குப் பிறகு இப்போது பெற்றோர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அதனால் கட்டடத்தைப் பற்றி எனக்கு அவ்வளவாகச் சொல்லத் தெரியாது. வகுப்பறையைப் பற்றிச் சொல்லலாம். பள்ளி பார்க்கப் போகிறவர்களிடம் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தப்பாகப் பதில் சொல்லும் பிள்ளைக்கு அந்த வகுப்பில் என்ன நடக்கிறது?

இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு பையன் கூட்டல் கணக்குப் போட்டுக் கொண்டுவந்தான். ஏழும் ஐந்தும் பதினொன்று. எட்டும் நாலும் பதினொன்று. ஆறும் மூன்றும் எட்டு. பக்கம் முழுக்கத் தப்பு. நான் வரிசையாகச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, "கவனமே இல்லை, போய் உட்கார்" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை ஏதோ வாங்க வந்தவர் அந்த நோட்டை எட்டிப் பார்த்தார். பையனைக் கூப்பிட்டு, "ஏழும் அஞ்சும் எப்படிக் கண்டுபிடிச்சே? எனக்குக் காட்டு" என்றார். அவன் ஐந்து விரலையும் நீட்டி ஒவ்வொன்றாக மடக்கினான்: "ஏழு, எட்டு, ஒம்பது, பத்து, பதினொண்ணு." விரல் ஐந்தும் தீர்ந்துவிட்டது. எண்ணத் தெரிகிறது, கவனமும் இருக்கிறது. ஏழுக்கு அடுத்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டியவன் ஏழிலிருந்தே தொடங்குகிறான், அவ்வளவுதான். அவர் அவன் நெற்றியைத் தொட்டு, "ஏழு ஏற்கெனவே இங்கே இருக்கு. விரல்ல முதல்ல எது வரும்?" என்றார். "எட்டு" என்றான். பிறகு அவனே எல்லாவற்றையும் அழித்து எழுதினான். அந்தப் பக்கத்தில் எல்லா விடைகளும் மிகச் சரியாக ஒன்று குறைவாக இருந்ததை, குறி போட்டுக்கொண்டே போன நான் பார்க்கவே இல்லை.

அந்தப் பையன் அதற்குப் பிறகும் என் வகுப்பில் ரொம்ப நாள் கை தூக்கவில்லை. அது என் கணக்கில்தான் இருக்கிறது.

ஆகவே மூன்று பள்ளிகளிலும் ஒன்றாம் வகுப்பில் பாடம் நடக்கும்போது கடைசி வரிசையில் இருபது நிமிடம் உட்கார அனுமதி கேளுங்கள். "மற்ற பெற்றோர்களும் கேட்பார்கள்" என்று தயங்குவார்கள். பொறுமையாக மறுபடி கேளுங்கள். கடைசிவரை மறுத்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தால் ஆசிரியை எவ்வளவு அழகாகப் பேசுகிறார் என்று பார்க்க வேண்டாம். ஒரு பிள்ளை தப்பாகச் சொல்லும்வரை காத்திருங்கள், ஒன்றாம் வகுப்பில் அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அடுத்த நொடி ஆசிரியையின் முகத்தைப் பாருங்கள், பிறகு அந்தப் பிள்ளையின் முகம், பிறகு மற்றப் பிள்ளைகள். சிரிக்கிறார்களா? ஆசிரியை "வேற யாருக்குத் தெரியும்?" என்று அடுத்தவளிடம் தாவுகிறாரா? அல்லது "எப்படி யோசிச்சே?" என்று நிற்கிறாரா? உங்கள் மகளைப் போலப் பின்வாங்கி நின்று பார்க்கும் குழந்தைகள் தாங்கள் அடி வாங்காமலே பாடம் படிப்பவர்கள். பக்கத்துப் பெஞ்சுப் பையன் சிரிப்புக்கு ஆளானால், வருடம் முழுக்க வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுவார்கள்.

அடுத்தது நோட்டுப் புத்தகம். வரவேற்பறையில் அடுக்கி வைத்திருப்பவை வேண்டாம். வகுப்பில் நடுத்தரமாகப் படிக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளின் நோட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மூன்றிலும் "என் வீடு" என்ற தலைப்பில் அதே ஐந்து வரி, அதே சிவப்புக் கூரை, அதே இடத்தில் சூரியன் இருந்தால், பலகையில் எழுதியதை எல்லோரும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பெற்றோருக்கும் பெருமையாக இருக்கும், யோசித்தது யார் என்றுதான் தெரியாது. ஒரு நோட்டில் வீட்டுக்கு மாடி இருந்து, இன்னொன்றில் வீட்டைவிடப் பெரிய நாய் நின்று, எழுத்துப்பிழை இரண்டும் அதன் பக்கத்தில் ஆசிரியை பென்சிலில் எழுதிய ஒரு கேள்வியும் இருந்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

கழிப்பறையையும் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் போகும் கழிப்பறையை, மற்றதை வேண்டாம். தாழ்ப்பாள் அவர்கள் கைக்கு எட்டுகிறதா, தண்ணீர் வருகிறதா, கேட்டவுடன் அனுப்புகிறார்களா, "பெல் அடிக்கட்டும்" என்கிறார்களா? தண்ணீர் பாட்டில் கொண்டுபோனபடியே நிரம்பித் திரும்பி வருகிறது என்று எத்தனையோ தாய்மார்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். விசாரித்தால், கழிப்பறைக்குப் போகப் பயந்து பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லை. மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் இப்படித்தான் வருகின்றன.

இனி உங்கள் மூன்று பள்ளிகள்.

பெரிய பள்ளியின் டேப்லெட்டும் நீச்சல் குளமும் கெட்ட பொருள்கள் இல்லை. ஆனால் குளத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாரத்துக்கு எத்தனை முறை இறங்குகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். டேப்லெட்டைப் பொறுத்தவரை, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2015ல் வெளியிட்ட அறிக்கை உங்கள் கணவர் படிக்க வேண்டியது. பள்ளிகளில் கணினிக்காக நிறையச் செலவழித்த நாடுகளில் வாசிப்பிலோ கணிதத்திலோ அறிவியலிலோ சொல்லும்படியான முன்னேற்றம் தெரியவில்லை என்றது அது. அங்கே அளந்தது 15 வயதுப் பிள்ளைகளை. உங்கள் மகளுக்கு ஐந்து.

கணவரிடம் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பியான்டாவும் ஆரியா அன்சாரியும் அமெரிக்காவில் ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து 15 வயதுவரை தொடர்ந்த தரவுகளை வைத்து 2018ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தனியார் பள்ளிப் பிள்ளைகள் அதிக மதிப்பெண் எடுத்தது உண்மைதான். ஆனால் பெற்றோரின் வருமானத்தையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் எடுத்ததும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. இதைத் தனியார் பள்ளி வீண் என்று படிக்க வேண்டாம். கட்டணம் கூடினால் கல்வியும் அந்த அளவுக்குக் கூடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் பலவீனம் என்று படித்தால் போதும். வருமானத்தில் கால் பங்கு என்கிறீர்கள். அது முதல் வருடக் கட்டணமா, வேன், புத்தகம், சீருடை, சுற்றுலா எல்லாம் சேர்த்தா? கடந்த மூன்று வருடங்களில் எவ்வளவு ஏற்றினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டில் ஒரு சம்பளம் ஆறு மாதம் நின்றாலும் கட்ட முடியுமா என்று நீங்கள் இருவரும் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். பணம் முடியாமல் மூன்றாம் வகுப்பில் பள்ளி மாற்றுவது, சிநேகிதிகளை விட்டுப் போகும் குழந்தைக்குத்தான் அதிகம் வலிக்கும்.

50 நிமிடம் என்பதையும் பெருக்கிப் பாருங்கள். போக வர 100 நிமிடம். வருடத்துக்கு 200 நாள் பள்ளி என்று வைத்தால் 333 மணி நேரம் வேனில். தூக்கத்திலிருந்தும் விளையாட்டிலிருந்தும்தான் அந்த நேரத்தை எடுக்க முடியும். ஐந்து வயதில் இரண்டுமே படிப்புதான். மாமியார் சொன்னதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை.

மாண்டிசோரி பள்ளிக்கு வருவோம். மரியா மாண்டிசோரி என்ற இத்தாலிய மருத்துவர் 1907ல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த முறை அது. முறையாகச் செய்தால் அருமையானது, உங்கள் மகளைப் போன்ற அமைதியான பிள்ளைக்குப் பொருந்தவும் பொருந்தும். சிக்கல் பெயரில்தான். அமெரிக்கக் காப்புரிமை, வணிகக்குறி அலுவலகத்தின் நடுவர் மன்றம் 1967லேயே அது ஒரு கல்வி முறையின் பொதுப்பெயர், யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று சொல்லிவிட்டது. பெயரைப் பலகையில் போட்டுக்கொள்வது அவ்வளவு சுலபம். உள்ளே போனால் நான்கு விஷயங்கள் கண்ணில் பட வேண்டும். மூன்று வயது வித்தியாசத்துக்குள் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்திருப்பது, காலையில் மணி அடிக்காமல் ஏறத்தாழ மூன்று மணி நேரம் தொடர்ந்து அவரவர் வேலையில் இருப்பது, தட்டுகளில் எட்டும் உயரத்தில் இருக்கும் கருவிகளைப் பிள்ளைகளே எடுத்துத் திருப்பி வைப்பது, அந்த முறையில் பயிற்சி பெற்ற ஆசிரியர். 40 நிமிடத்துக்கு ஒரு மணியும் வரிசைப் பெஞ்சும் பூட்டிய அலமாரிக்குள் அந்த முறையின் கருவிகளான இளஞ்சிவப்பு மரக்கட்டைகளும் இருந்தால், பலகையை மறந்துவிட்டு மற்ற பள்ளியைப் பார்ப்பதுபோலப் பாருங்கள். இதில் ஆசிரியரின் பயிற்சி கண்ணால் பார்த்துத் தெரியாது. எங்கே, எத்தனை மாதம் என்று கேளுங்கள். வார இறுதிப் பட்டறை என்ற பதிலும் வரும்.

பழைய கட்டடம். சுவரில் காரை பெயர்ந்திருப்பதற்கும் கூரை ஆபத்தாக இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. தீ, கட்டட உறுதிச் சான்றிதழ்கள் நடப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள், வெளியே போக இரண்டு வழி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் குறை இருந்தால் பக்கம் என்பதற்காக விட்டுக்கொடுக்க வேண்டாம். சரியாக இருந்தால் காரை என் கண்ணில் படவே படாது. பிறகு ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். கையேட்டில் இருக்கும் ஆசிரியர், மாணவர் விகிதத்தை நம்பாதீர்கள், அதில் நூலகர்வரை சேர்த்துக் கணக்குக் காட்டுவார்கள். தலையை எண்ணுங்கள். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் 1985ல் தொடங்கிய ஒரு பெரிய பரிசோதனையில், மழலை வகுப்பு முதல் மூன்றாம் வகுப்புவரை, 13 முதல் 17 பேர் இருந்த வகுப்புப் பிள்ளைகள் 22 முதல் 25 பேர் இருந்த வகுப்புகளைவிட வாசிப்பிலும் கணக்கிலும் நன்றாகச் செய்தார்கள். விரலைக் காட்டச் சொல்லிக் கேட்க ஆசிரியைக்கு நேரம் கிடைத்தது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

ஐந்தாம் வகுப்போடு முடிவதை நீங்கள் குறையாகப் பார்க்கிறீர்கள். பத்து வயதில் அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொண்டு அடுத்த பள்ளியைத் தேடுவது, ஐந்து வயதில் பன்னிரண்டு வருடத்துக்குச் சேர்த்து முடிவெடுப்பதைவிட மோசம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் எங்கே போயிருக்கிறார்கள், எளிதாக இடம் கிடைத்ததா என்று அங்கே படித்த இரண்டு பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள்.

மூன்று இடத்திலும் கேட்க வேண்டியவை இன்னும் சில. போன வருடம் இருந்த ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களில் எத்தனை பேர் இப்போது இல்லை? பாதிப் பேர் போயிருந்தால், நீங்கள் பார்த்து மயங்கிய ஆசிரியை ஜூனில் இருப்பாரா என்பதே சந்தேகம். வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளையின் விளையாட்டு நேரத்தைப் பிடுங்குகிறார்களா? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2013லேயே, தண்டனைக்காகவோ பாடத்துக்காகவோ இடைவேளையை நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அடிப்பார்களா என்று நேராகக் கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். "ஒரு பிள்ளை இன்னொன்றைக் கடித்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். நிஜமாகப் பிள்ளைகளோடு இருப்பவர் தயங்காமல் போன வாரக் கதையைச் சொல்லுவார்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வகுப்பிலேயே சின்னவள் என்பது சின்ன விஷயமில்லை. பொருளாதார ஆய்வாளர்கள் கெல்லி பெடார்டும் எலிசபெத் டூயியும் பல நாடுகளின் மதிப்பெண்களை வைத்து 2006ல் எழுதிய ஆய்வில், நான்காம் வகுப்பிலும் வகுப்பின் சின்னப் பிள்ளைகள் மூத்தவர்களைவிட 4 முதல் 12 சதமானம், அதாவது நூறு பேரை மதிப்பெண்படி வரிசையாக நிறுத்தினால் அத்தனை இடம், பின்தங்கியிருந்தார்கள். எட்டாம் வகுப்பில் அது குறைந்தது, மறையவில்லை. இதற்காக ஒரு வருடம் நிறுத்தியே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளியிடம் கேளுங்கள்: மழலை வகுப்பில் இன்னொரு வருடம் வைத்துக்கொள்வீர்களா, அல்லது ஒன்றாம் வகுப்பில் அவள் வயதை மனதில் வைத்துப் பார்ப்பீர்களா? "எல்லாரும் ஒண்ணுதாங்க எங்களுக்கு" என்ற பதில் காதுக்கு இனிமை. பதினோரு மாத வித்தியாசம் பென்சில் பிடிக்கும் விரலில் தெரியும்போது அது உதவாது.

என் சாய்வு தெரிந்திருக்கும். பக்கத்துப் பள்ளியின் கட்டடம் பாதுகாப்பாக இருந்து, வகுப்பில் அந்த இருபது நிமிடமும் நன்றாகப் போனால், நான் அங்கே சேர்ப்பேன். அங்கே தப்பாகச் சொன்ன பிள்ளையைப் பார்த்து வகுப்பே சிரித்தால், அடுத்து மாண்டிசோரி பள்ளியின் தட்டுகளைப் பார்க்கப் போவேன். பெரிய பள்ளியிலும் ஒரு நல்ல ஒன்றாம் வகுப்பு ஆசிரியை இருக்கலாம். இருந்தாலும் அந்த 333 மணி நேரம் என் மனதை விட்டுப் போகாது. முதல் முறை போகும்போது மகளை அழைத்துப் போக வேண்டாம். முடிவெடுத்த பிறகு ஒரு நாள் மாலை, பள்ளி விடும் நேரத்தில் அவளோடு வாசலில் நின்று வேடிக்கை பாருங்கள், உள்ளே போகச் சொல்லாமல்.

இன்று ராத்திரிக்கு ஒரு வேலை. அவளை ஆசிரியையாக்கி, உங்களிடம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இரண்டு கேள்விக்கு வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொல்லுங்கள். அப்போது அவள் என்ன சொல்கிறாள், எந்தக் குரலில் சொல்கிறாள் என்று கேளுங்கள். அனேகமாக அது உங்கள் குரலாக இருக்கும்.